முயலகன் நோய்

முயலகன் நோய் என்பது வலிப்பு நோய்க்குச் சைவ இலக்கியத்தில் வழங்கும் பெயர். பேச்சு வழக்கில் இது காக்காய் வலிப்பு எனப்படுகிறது.

பெயர்

நடராசர் திருவடியின் கீழ்க் கிடக்கும் குறள் உருவமே முயலகன். வடமொழியில் அவன் பெயர் அபஸ்மாரன். ஆயுர்வேதத்தில் வலிப்பு நோயின் பெயரும் அபஸ்மாரமே. நினைவு அகலுதல் என்பது அதன் பொருள்.

கொல்லிமழவன் மகள்

கொல்லிமழவன் என்னும் சிற்றரசன், முயலகன் பற்றிய தன் மகளைத் திருப்பாச்சிலாச்சிராமம் கோயிலில் கிடத்தியிருந்தான். அங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட, அவள் நலமுற்றாள் என்கிறது பெரியபுராணம். திருச்சிராப்பள்ளி அருகே உள்ள இவ்வூர் இன்று திருவாசி எனப்படுகிறது. இங்குள்ள நடராசர் திருவடியின் கீழ் முயலகன் இல்லை, பாம்பே உள்ளது.

நோயாளி கோயிலில் தங்கும் வழக்கம் இன்றும் உண்டு. சாத்தூர் அருகே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கண்நோய், அம்மை கண்டவர்கள் தங்கி வேண்டிக்கொள்வர்.

கிரேக்க மருத்துவம்

பண்டைக் கிரேக்கரும் எபிடாரஸ் முதலிய அஸ்கிலீப்பியஸ் கோயில்களில் குணம் வேண்டி இரவு தங்கினர். வலிப்பை அவர்கள் 'புனித நோய்' என்றனர். ஏறத்தாழ கி.மு. 400-இல் எழுந்த இப்போகிரட்டீசு மரபு நூல் ஒன்று இதை மறுத்தது. இந்நோய் மற்ற நோய்களைவிடத் தெய்வீகமானது அன்று; இது மூளையில் தோன்றுவது, பரம்பரையாகவும் வருவது என்றது. தலையிலிருந்து இறங்கும் கபம் குழாய்களை அடைத்துக் காற்றைத் தடுப்பதால் வலிப்பு வருவதாக விளக்கியது. உணவையும் வாழ்முறையையும் மாற்றிக் குணப்படுத்தலாம் என்றது. தெய்வமே காரணம் என்றால் நோயாளியைக் கோயிலுக்கல்லவா அழைத்துச் செல்ல வேண்டும் என்று மந்திரவாதிகளைச் சாடியது.

சித்த மருத்துவமும் வலிப்பை வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றங்களின் வழியே விளக்குகிறது.

இன்றைய நிலை

கபக் கொள்கை தவறு. மூளையே இடம் என்பது சரி. மூளை நரம்பணுக்களின் அளவுமீறிய மின் செயல்பாட்டால் வலிப்பு ஏற்படுகிறது. 1912-இல் பீனோபார்பிட்டால் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று பெரும்பாலோருக்கு மாத்திரைகளால் நோய் கட்டுப்படுகிறது.

எனினும் பெண்ணின் திருமணம் தடைப்படும் என்று அஞ்சி நோயை மறைப்போர் உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பு, 1999-இல் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது.

வலிப்பு வந்தவர் கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.