தெற்கே வரும் சக்கர வீடுகள்

மார்கழி பிறந்து, வடநாடு முழுவதும் மூடுபனியில் அகப்பட்டு, டில்லியில் அதிகாலை வெப்பம் நாலைந்து டிகிரிக்கு இறங்கி, ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகிக் கொண்டிருக்கும் நாட்களில், கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில் வசிக்கும் நாங்கள் காதைச் சுற்றி ஒரு துவர்த்தைக் கட்டிக்கொண்டு சாயாக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, "இந்த வருஷம் குளிரு கொஞ்சம் கூடுதலாக்கும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது வழக்கம். அந்த நேரத்தில் வெப்பமானியைப் பார்த்தால் அது 22 டிகிரிக்குச் சமீபத்தில் நின்று கொண்டிருக்கும். குளிர் என்பதை நாங்கள் இந்த அளவில் அறிந்தவர்கள். ஆகையால் குளிருக்கு அஞ்சி வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு, வளர்த்த நாயையும் உடன் அழைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான மைல் தெற்கே வருகிற மனிதரைக் கண்டால் எங்களுக்கு ஆச்சரியமும் சிறிது பரிகாசமும் ஒருங்கே தோன்றுவது இயல்புதான்.

ஆனால் தெற்கே வருவது என்று தீர்மானித்தவர்கள் கடைசியில் எங்கள் பக்கத்தில்தான் வந்து நிற்க வேண்டும். ஸ்ரீநகரில் புறப்படும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கன்னியாகுமரியில் முடிகிறது. அதற்கு அப்பால் போவதற்குத் தரை இல்லை. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரையில் சூரியன் தென்திசையில் சாய்ந்து செல்வதால், குமரிமுனையில் நிற்பவர் உதயத்தையும் அஸ்தமனத்தையும் கடலின்மீதே காணலாம். மற்ற மாதங்களில் அஸ்தமனத்தை நிலம் மறைத்துவிடும். தெற்கே வந்தால் இங்கேதான் வந்து நிற்க வேண்டும் என்பது பறவைகளுக்கும் ஏதோ ஒரு விதத்தில் தெரிந்திருக்கிறது. எங்கள் ஊருக்கு அடுத்துள்ள தேரூர்க் குளத்திலும் சுசீந்திரத்து நீர்நிலைகளிலும் இந்தப் பருவத்தில் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வந்து இறங்குகின்றன; 2022-ஆம் ஆண்டில் இந்த நீர்நிலைகள் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்குப் பறவைகளும் ஒரு முக்கிய காரணம். திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்துக்கு இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. அவற்றுக்கு வீடும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம்.

மனிதரில் இந்தப் பிரயாணத்தைச் செம்மையாகச் செய்யக் கற்றவர்கள், என் அபிப்பிராயத்தில், ராஜஸ்தானத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் யாத்திரை பஸ்களில் வருகிற கிராமத்து ஜனங்கள். ராமேசுவரத்தை முடித்துக்கொண்டு குமரிக்கு வரும் அந்த பஸ்ஸின் கூரையில் அண்டாவும் வாணலியும் மூட்டை மூட்டையாகக் கோதுமை மாவும் ஏறியிருக்கும். சமையற்காரரும் உடன் வந்திருப்பார். சாலையோரத்தில் நிழலும் ஒரு குழாயும் கண்ட இடத்தில் வண்டி நிற்க, பத்து நிமிஷத்துக்குள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாவு பிசைய, ஆண்கள் வாளியோடு தண்ணீருக்கு ஓட, பஸ்ஸின் ஜன்னல் கம்பியிலிருந்து புளியமரக் கிளைக்குக் கயிறு கட்டி மஞ்சளும் சிவப்புமான சேலைகளை உலர்த்திவிடுவார்கள். உணவு முடிந்ததும் அத்தனையும் மறைந்து, மூன்று கல்லும் சாம்பலும் மட்டும் மிஞ்சும். சக்கர வீட்டுக்கு இதைவிட வேறு என்ன லட்சணம் வேண்டும்? சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் கட்டப்படும் லாரிகளில் ஸ்டவ்வையும் அரிசியையும் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, இருக்கைக்குப் பின்னுள்ள பலகையில் முறை வைத்துத் தூங்கி, மாதத்தில் பாதி நாளைச் சாலையிலேயே கழிக்கும் டிரைவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். அவர்களை யாரும் உல்லாசப் பிரயாணி என்று அழைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது புதிதாக வரத் தொடங்கியிருப்பது மூன்றாவது வகை. கேரவன் என்றால் தமிழ்நாட்டில் சினிமா நடிகர் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டி என்றே பொருள் கொள்ளப்படுகிறபடியால், மயிலாடியில் அப்படி ஒன்று வந்து நின்றால் முதலில் பையன்கள் கூடி, உள்ளேயிருந்து யார் இறங்கப் போகிறார்கள் என்று காத்திருப்பார்கள். சென்ற ஆண்டு தை மாதத்தில், அஞ்சுகிராமம் போகும் சாலையோரத்துச் சிற்பக்கூடம் ஒன்றின் முன்னால் நின்ற அரியானாப் பதிவெண் கொண்ட டெம்போ டிராவலரிலிருந்து இறங்கியவர்களோ, எழுபதை எட்டிய ஒரு கணவரும், அவருடைய மனைவியும், மஞ்சள் நிறத்து லாப்ரடார் நாய் ஒன்றும். நடிகரை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஆனால் தெருநாய்கள் ஏமாறவில்லை. தங்கள் எல்லைக்குள் அந்நியன் ஒருவன், அதுவும் கழுத்தில் பட்டையோடு, பிரவேசித்துவிட்டான் என்ற செய்தி ஒரு நொடியில் தெருக்கோடி வரை பரவி, ஏழெட்டு நாய்கள் ஒரே குரலில் ஆட்சேபம் தெரிவித்தன. லாப்ரடாரோ, எஜமானியின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, இந்த ஊரில் இறங்கலாமா என்பதை மறு பரிசீலனை செய்வது போல் நின்றது.

அந்த அம்மாள் வண்டியின் உள்ளே பார்க்க எங்களை அனுமதித்தார். பகலில் பெஞ்சாக இருந்து இரவில் கட்டிலாகும் இருக்கைகளும், இரண்டு பர்னர் அடுப்பும், காலடியில் தண்ணீர்த் தொட்டியும், கூரையில் சூரிய மின்தகடும் இருந்தன. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் நாய்க்கென்று ஒரு தனி மெத்தை. வளைவில் வண்டி திரும்பும்போது வழுக்காதபடி அடியில் ரப்பர் ஒட்டிய நாய்க் கிண்ணம். சாயாக்கடைக்காரர் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "நாயிக்குத் தனி மெத்தையாவே! நமக்கு வீட்டுலயே கெடையாதே மக்கா" என்றார். கணவர் சொன்ன காரணம் சுருக்கமானது: லாட்ஜுகளில் நாயைச் சேர்ப்பதில்லை, உறவினர் வீட்டில் விட்டால் அது சாப்பிடுவதில்லை, ஆகவே அதன் பொருட்டே இந்த வண்டியை வாங்கி வீடாக மாற்றினார்களாம். குளிர் இரண்டாவது காரணந்தான்.

அவர் சொன்னதில் அதிசயோக்தி எதுவும் இல்லை. நம்முடைய ரயில்வேயில் நாயைக் கூட வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் ஒருவர் தமக்கே பெற்றாக வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வண்டியிலுள்ள நாய்ப்பெட்டியில் அதை அடைத்து அனுப்ப வேண்டும். பஸ்ஸில் கதவே திறக்காது. இந்தச் சங்கடம் இன்று ஏற்பட்டதன்று. மகாபாரதத்தின் முடிவில் தருமபுத்திரர் தம்பியரையும் திரௌபதியையும் ஒவ்வொருவராக இழந்து, தம்மைப் பின்தொடர்ந்து வந்த நாய் ஒன்றே மிஞ்ச, இந்திரன் கொணர்ந்த ரதத்தின் முன் நின்றபோது எழுந்த தகராறும் இதே தகராறுதான். நாயை ஏற்றாத வாகனத்தில் தாமும் ஏறுவதில்லை என்று அவர் உறுதியாக மறுத்துவிட்டார். அவர் போனது வடக்கே. அரியானாக்காரர் வந்தது தெற்கே. மற்றபடி இருவரும் ஒரு கட்சி.

வெளிதேசங்களில் இந்தப் பிரயாணம் ஒரு ஸ்தாபனமாகவே ஆகிவிட்டது. கனடாவின் பனியிலிருந்தும் அமெரிக்காவின் வடபகுதியிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் மோட்டார் வீடுகளில் ஏறி, புளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் இறங்கி, வசந்தம் வந்ததும் திரும்புகிறார்கள். அரிசோனாவில் குவார்ட்சைட் என்றொரு சிற்றூர். சில ஆயிரம் பேரே நிலையாக வாழும் அந்தப் பாலைவன ஊரைச் சுற்றியுள்ள சர்க்கார் நிலத்தில், செப்டம்பர் மத்தியிலிருந்து ஏப்ரல் மத்தி வரை, அனுமதிச் சீட்டுப் பெற்று வண்டியை நிறுத்திக்கொண்டு குளிர்காலம் முழுவதும் வசிக்கலாம். ஆஸ்திரேலியாவிலோ பருவமே தலைகீழ். அங்குள்ள முதியவர்கள் ஜூன், ஜூலையில் குளிருக்கு அஞ்சி வடக்கே குவீன்ஸ்லாந்துக்குப் போகிறார்கள். நாயோடு இப்படிச் சுற்றியவர்களில் பெரும் பிரசித்தி பெற்றவர் எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக். 1960-ல் ஒரு டிரக்கின்மேல் சிறு வீடு கட்டி, அதற்கு டான் குவிக்ஸாட்டின் குதிரையான ரோசினாண்டேயின் பெயரை வைத்து, சார்லி என்ற பிரெஞ்சு பூடில் நாயைத் துணையாகக் கொண்டு அமெரிக்காவை வலம் வந்த அவர், அந்த விருத்தாந்தத்தை 1962-ல் புத்தகமாக வெளியிட்டார்; நோபல் பரிசும் அதே வருஷத்தில் அவருக்குக் கிடைத்தது. அந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர்களுக்கு ஸ்டீன்பெக்கை விடச் சார்லியே நினைவில் தங்குகிறது என்பது என் அனுபவம்.

குளிர்தேசத்தவரைக் கண்டு மயிலாடி மலைத்துப் போகிற ஊரும் அன்று. பிரஷ்ய தேசத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்ற பாதிரியார் 1806-ல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்து, முன்னரே கிறிஸ்தவரான வேதமாணிக்கத்தின் ஊரான இந்த மயிலாடியை அடைந்தார். 1809-ல் இங்கே தேவாலயம் எழுந்தது. 1816-ல் உடல் நலிந்து அவர் விடைபெற்றுச் சென்ற பின் என்ன ஆனார் என்பது தெளிவாகத் தெரியவில்லை. அவர் நாய் வளர்த்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

நாஞ்சில் நாட்டாருக்கும் ஒரு காலத்தில் சக்கர வீடு இருந்தது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் மார்கழித் திருவிழா நடக்கும்போது, ஒன்பதாம் நாள் தேரைக் காண, சுற்றூர்களிலிருந்து கூண்டு வண்டிகள் முந்தின இரவே புறப்படும். வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, குழந்தைகளையும் கிழவிகளையும் புளியோதரைப் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு போகும் அந்த வண்டியின் அச்சுக்குக் கீழே ஓர் அரிக்கன் விளக்கு தொங்கி ஆடும். அந்த விளக்கின் பின்னே, வண்டியின் நிழலை விட்டு ஓர் அடியும் விலகாமல், வீட்டு நாய் ஓடி வரும். வா என்று அதை யாரும் அழைத்ததில்லை. போ என்று விரட்டியதுமில்லை. அவிழ்த்துப் போட்ட வண்டிக்கு இரவு முழுவதும் அதுவே காவல்.

அந்த வண்டிகளுக்குத் திருவிதாங்கூர்ச் சாலைகளில் வழியம்பலம் இருந்தது. கல்தூண் நிறுத்திய மண்டபம், அருகே கிணறு, தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடுகள் நீர் குடிக்க ஒற்றைக் கல்லில் குடைந்த தொட்டி என்று அவ்வளவே அதன் சௌகரியம். இன்று அந்த மண்டபங்களில் சில இடிந்தும், சில சாலை அகலமானபோது மறைந்தும் போயின. இப்போது தெற்கே வருகிற சக்கர வீட்டுக்காரர் கேட்பதும் ஏறக்குறைய அதையேதான்: மரநிழலுள்ள சமதரை, தொட்டியை நிரப்பக் குழாய், வண்டியின் கழிவைக் கொட்ட முறையான ஓர் இடம், நாயைக் கட்டி வைக்க ஒரு மூலை. இவற்றில் மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அதுதான் ஊராருக்கு முக்கியம், இல்லாவிட்டால் கழிவு தேரூர் வாய்க்காலில் போய்ச் சேரும். கேரளத்தில் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை வகுத்து, அடுத்த வருஷமே வாகமண்ணில் கேரவன் பூங்கா திறந்தார்கள். குளிர்சாதனமும் விருந்துமாக அது பணக்காரரை எதிர்பார்த்தே அமைந்தது. எனக்கு அதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. யாத்திரை பஸ்காரரும் லாரி டிரைவரும் அரியானாத் தம்பதியும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூடிய தோப்பு ஒன்று குமரிக்கு முன்னால் இருந்தால் அது போதும்.

அடுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டு 26 அன்று, லக்னோவிலிருந்து யாத்திரை வந்து, நாகர்கோவிலில் ரயிலோடு இணைக்கப்பட்டு, மதுரை நிலையத்தில் கழற்றி நிறுத்தப்பட்டிருந்த தனிப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டார்கள். நின்ற இடத்தில், வெளியே, பொதுவான அடுப்பு மேடையொன்று இருந்தால் வண்டிக்குள் யாரும் சிலிண்டரைத் திறக்க வேண்டியதில்லை.

நாய்க்கும் எங்கள் சீதோஷ்ணம் முற்றிலும் நல்லதன்று. நாய்க்கு நம்மைப் போல் உடலெல்லாம் வேர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். தையிலும் மத்தியானத்தில் 30 டிகிரி வெயில் அடிக்கிற இந்த ஊரில், கண்ணாடியை மூடி வண்டியை வெயிலில் நிறுத்தினால் சிறிது நேரத்துக்குள் உள்ளே 40 டிகிரியைக் கடந்துவிடும். கடலைப் பார்த்துவிட்டு இதோ வந்துவிடுகிறோம் என்று நாயை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். உண்ணிகளோ குளிரில் ஒடுங்கிக் கிடக்காமல் வருஷம் முழுவதும் சுகமாக வாழ்கின்றன. அடர்ந்த ரோமமுள்ள விருந்தாளி வந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். நம்முடைய நாட்டு நாய்களான சிப்பிப்பாறையும் கன்னியுமோ குட்டை ரோமத்தோடு இந்தப் பக்கத்துக்கென்றே அமைந்தவை.

அன்று லாப்ரடார் ஒருவாறு துணிவு பெற்று, சிற்பக்கூடத்துக்குள் நுழைந்து, பைரவர் சிலைக்குப் பின்னே குறுக்காக நிற்கிற கல் நாயை நெடுநேரம் முகர்ந்து பார்த்தது. முகமும் முன்கால்களும் முடிந்து, வயிற்றுக்குக் கீழே கல் இன்னும் பெயர்க்கப்படாமல் இருந்த நாய் அது. சிற்பி கிரைண்டரை நிறுத்திவிட்டு, முகத்திலிருந்த வெள்ளைத் தூசியைத் துடைத்துக்கொண்டு, ஒரு பழைய உரல் குழியில் தண்ணீர் ஊற்றி வைத்தார்; லாப்ரடார் அதைச் சொட்டுவிடாமல் குடித்தது. வழியம்பலத்துத் தொட்டியைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, மூன்றடிக்கு ஒன்றரையடித் தொட்டி என்றால் கல் இருக்கிறது, ஆளும் இருக்கிறது, ஒரு வாரத்தில் குடைந்து தந்துவிடலாம் என்று விரலால் தரையில் அளவு போட்டுக் காட்டினார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "தொட்டி நாங்க தந்திருவோம் அண்ணாச்சி. அதுல தெனமும் தண்ணி நெறைக்கது யாரு, பஞ்சாயத்தா, நீங்களா? அத மொதல்ல பேசி முடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கிரைண்டரை எடுத்தார்.