பெட்ரோலில் எரிந்த இஸ்திரிப் பெட்டி



துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டிக்குள் பெட்ரோல் ஊற்றி, தீக்குச்சி கிழித்துப் பற்ற வைத்தார்கள் என்றால் நம்புவீர்களா?

1930களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. மற்ற வீடுகளில் கனத்த இரும்பை அடுப்பில் சுட வைத்துத் தேய்த்தார்கள். அது ஆறிவிட்டால் மறுபடியும் அடுப்படிக்கு ஓட வேண்டும். இந்த அலைச்சலைத் தீர்க்க வந்தது, கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கோல்மன் நிறுவனத்தின் பெட்ரோல் இஸ்திரிப் பெட்டி.

கைப்பிடிக்குப் பின்னால், பந்து போல ஓர் உருண்டைத் தொட்டி. அதில் ஈயம் கலக்காத பெட்ரோலை ஊற்றி மூடி, சிறு பம்பினால் காற்றடிப்பார்கள். காற்றின் அழுத்தம் பெட்ரோலை மெல்லிய குழாய்க்குள் தள்ளும். சூடான குழாயில் பெட்ரோல் ஆவியாகி, காற்றோடு கலந்து, பெட்டியின் வயிற்றுக்குள் நீலச் சுடராக எரியும். பம்ப் ஸ்டவ்வைப் படுக்க வைத்தது போலத்தான்! சுடரைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. பெட்டியின் இரு முனையும் கூராக இருந்ததால், முன்னும் பின்னும் தேய்க்கலாம். கரியும் இல்லை, சாம்பலும் இல்லை.

ஆனால், கையருகே பெட்ரோல், அடியிலே நெருப்பு! கொஞ்சம் கசிந்தாலும் ஆபத்துதான்.

1936இல் கிராம மின்மயச் சட்டம் வந்தது. கம்பி வழியே மின்சாரம் நுழைந்த வீடுகளிலிருந்து, பெட்ரோல் இஸ்திரிப் பெட்டி மெல்ல வெளியேறியது.