பஸ்தீலைத் தாக்கியவர் யார்?

ஒரு நிகழ்ச்சி ஒரு முறைதான் நிகழ்கின்றது; அதன் வரலாறோ பல முறை எழுதப்படுகின்றது. எழுதுவோர் மாறுந்தோறும் கதையும் மாறுகின்றதே, இவற்றுள் எதனை நம்புவது என்று மாணவர் மயங்குதல் இயல்பே. இம்மயக்கம் தீர, யாவரும் அறிந்த ஒரு நாளை எடுத்து நோக்குவோம்.

1789ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் பாரிசு நகர மக்கள் பஸ்தீல் என்னும் கோட்டைச் சிறையைத் தாக்கிக் கைப்பற்றினர். உள்ளே இருந்த கைதிகள் எழுவரே. மக்கள் முதன்மையாக நாடிச் சென்றதும் கைதிகளையன்று. அங்குச் சேமிக்கப்பட்டிருந்த வெடிமருந்தையே. துப்பாக்கிகளை அன்று காலையிலேயே வேறோரிடத்தில் கைப்பற்றியிருந்தனர். மருந்தின்றித் துப்பாக்கியால் யாது பயன்? இவ்வளவில் கருத்து வேற்றுமை பெரிதில்லை. அக்கூட்டத்தினர் யாவர், அவரை எழுப்பியது யாது என்று வினவியதும் வழிகள் பிரிகின்றன.

அச்சுத் தொழில் செய்தவரின் மைந்தரான மிஷ்லே, 1847 முதல் 1853 வரை தமது பெருநூலை வெளியிட்டார். அவருக்கு மக்களே காவியத் தலைவர். நீதியை வேண்டி ஒரு நாடே ஒரே உள்ளத்துடன் எழுந்த நாள் அது. தெயின் என்பாரோ 1870இல் பிரான்சு பிரஷியாவுடன் பொருது தோற்றதையும், 1871இல் பாரிசில் மூண்ட கலகத்தையும் கண்டு மனங்கலங்கியவர். 1875இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நூலில் அதே மக்கள் நாடோடிகளும் கயவருமாகக் காட்சியளிக்கின்றனர். முன்னவர் தம் நம்பிக்கையையும் பின்னவர் தம் அச்சத்தையும் 1789இன்மேல் ஏற்றிப் பார்த்தனர் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு நெறி எழுந்தது. லப்ரூஸ் 1933இல் விலைவாசியையும் வருமானத்தையும் கணக்கிட்டு ஆராய்ந்தார். வழக்கமாக 8 அல்லது 9 சூ விற்ற நான்கு இறாத்தல் பாண், 1789 பெப்ரவரியில் பாரிசில் 14½ சூ ஆயிற்று. பாணே உணவாக வாழ்ந்த ஏழைக் குடும்பம் ஒன்றில் இதன் பொருள் யாதென்பதை விளக்கவும் வேண்டுமோ?

ஜோர்ஜ் ரூடே 1959இல் வெளியிட்ட நூலில் காவற்றுறைப் பதிவுகளையும் பெயர்ப்பட்டியல்களையும் துணைக்கொண்டார். கோட்டையைக் கைப்பற்றியோர் எனப் பதிவாகிய 662 பேரின் பட்டியல் ஒன்று கிடைத்தது. அவருட் பெரும்பாலோர் தளபாடம் செய்யும் தச்சர், பூட்டுச் செய்வோர், சப்பாத்துத் தைப்போர், சிறுகடைக்காரர் முதலியோர். அடுத்திருந்த சாந்து அந்துவான் பகுதியில் வாழ்ந்தவர் பலர். ஆடை வெளுக்கும் பெண்ணொருத்தியின் பெயரும் அதில் உண்டு.

எனினும், பசி எக்காலத்தும் புரட்சியை விளைப்பதில்லையே! 1978இல் பிரான்சுவா ஃபூரே, பொருளியற் காரணங்களே போதும் என்னும் கொள்கையை மறுத்து, அரசியற் கருத்துக்களின் வலிமையை ஆராய்ந்தார். 'மக்கள்' என்ற பெயரால் பேசும் உரிமை யாருக்கு என்பதே புரட்சியின் உள்ளார்ந்த போட்டி என்றார்.

இவற்றால் நாம் பெறுவது யாது? ஆளுக்கொரு வரலாறு, யாவும் ஒன்றே என்பதன்று. 662 பெயர்கள் வெளிப்பட்டபின், கயவர் கூட்டம் என்ற பழி நிற்கவில்லை. நாடு முழுவதுமே அங்கு நின்றது என்ற புகழும் நிற்கவில்லை. சான்று எந்நெறியினரையும் கட்டுப்படுத்தும். ஆயின் சான்று தானே வாய் திறவாது, வினவுவோர்க்கே விடையளிக்கும். பாணின் விலையைக் கேளாதவருக்குப் பசி புலப்படாது. சொற்களை ஆராயாதவருக்குக் கொள்கையின் வேகம் புலப்படாது.

ஆதலின், மாணவர்களே, வரலாற்று நூலொன்றைக் கையில் எடுக்கும்போது இரண்டு வினாக்களை மறவாதீர்கள். இவ்வாசிரியர் கேட்ட கேள்வி யாது? அவர் கேளாது விட்டது யாது? பெயரின்றி மறைந்திருந்த அந்தத் தச்சரும் வெளுப்புக்காரியும் வரலாற்றில் இடம்பெற்றது, யாரோ ஒருவர் அவர்களைப் பற்றி வினவியதனாலன்றோ!