பயிற்சி ஆசிரியை கண்ட வகுப்பறை: விசேட கல்வியும் எம் பெற்றோரும்

ஊரில் ஆசிரியத் தொழிலுக்கு இருந்த மதிப்பை நாம் அறிவோம். சட்டம்பியார் வீடு எதுவென்று கேட்டால் குழந்தையும் வழிகாட்டும். புலம்பெயர்ந்த பின்னர் அம்மதிப்பு வேறு தொழில்களுக்கு இடம்மாறிவிட்டது. மருத்துவம், பொறியியல், கணினி, கணக்கியல் ஆகிய நான்குக்கும் அப்பால் பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிப் பார்க்கும் பெற்றோர் எம்மிடையே குறைவு. அதிலும், பேச்சு வராத, ஓரிடத்தில் இருக்க முடியாத, எழுத்துக் கூட்டமுடியாத பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைத் தன் தொழிலாக ஒருவர் தேர்ந்தெடுத்தால், “வேறொன்றும் கிடைக்கவில்லையா?” என்ற கேள்வியே முதலில் எழும்.

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் விசேட கல்வி ஆசிரியையாவதற்குப் பயின்றுவரும் ஈழத்து இளம்பெண் ஒருவருடன் அண்மையில் நீண்ட நேரம் உரையாடினோம். அக்கேள்வியைத் தாமும் பலமுறை எதிர்கொண்டதாக அவர் கூறினார். தாம் பயிற்சி பெற்ற பாடசாலையின் பெயரையோ பிள்ளைகளின் பெயர்களையோ அவர் எமக்குச் சொல்லவில்லை. மாணவரின் பதிவேடுகளைக் காக்கும் 1974 ஆம் ஆண்டுச் சட்டம் அங்குண்டு; பயிற்சி ஆசிரியையும் அதற்குக் கட்டுப்பட்டவரே. ஆகவே இக்கட்டுரையில் அவரும் பெயரின்றியே வருகிறார்.

வகுப்பறையில் கண்டவை

அமெரிக்காவில் ஆசிரியராவதற்குப் பட்டம் மட்டும் போதாது. நியூ ஜேர்சியில் ஒரு பருவத்தில் குறைந்தது 175 மணித்தியாலமும், அடுத்த பருவம் முழுநேரமும் வகுப்பறையில் பயிற்சி பெறவேண்டும். கலிபோர்னியாவில் இது 600 மணித்தியாலம். ஆசிரியர் பற்றாக்குறை காரணமாக, படித்துக்கொண்டே ஊதியத்துடன் தனி வகுப்பொன்றைப் பொறுப்பேற்கும் பயிலுநர் முறையும் கலிபோர்னியாவில் உண்டு. விசேட கல்வியிலேயே இப்பற்றாக்குறை பெரிது.

எமது மாணவி முதலில் அனுப்பப்பட்டது, ஒரு சில பிள்ளைகளே உள்ள தனி வகுப்புக்கு. சுவரில் அன்றைய நேரசூசி எழுத்தில் அல்ல, படங்களில் இருந்தது. வட்டமாக அமர்தல், எண்கள், சிற்றுண்டி, விளையாட்டு என ஒவ்வொன்றும் முடிந்ததும் பிள்ளையே அப்படத்தைக் கழற்றிப் பெட்டியில் போடவேண்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் ஓட்டிசமுள்ள பிள்ளையின் கலக்கம் பாதியாகக் குறைந்துவிடும் என்பதை அவர் அங்கே கண்டார். தீயணைப்பு ஒத்திகை மணி ஒலிக்கப்போகும் நாளில், அதிகாலையிலேயே ஒரு சிறுவனின் மேசையில் காதுக்கவசம் எடுத்து வைக்கப்பட்டிருக்கும்.

முதல் வாரத்தில் அவருக்கு இடப்பட்ட பணி கற்பித்தல் அன்று, காத்திருத்தல். பிள்ளையிடம் ஒன்றைக் கேட்டபின் மனதுக்குள் ஐந்துவரை எண்ணவேண்டும். அதற்குமுன் கேள்வியைத் திருப்பிச் சொல்லவும் கூடாது, விடையை எடுத்துக் கொடுக்கவும் கூடாது. “அந்த ஐந்து விநாடிபோல நீண்ட நேரத்தை நான் அறிந்ததில்லை” என்றார். மூன்றாம் வாரத்தில், அதுவரை கையைப் பிடித்து இழுத்தே தண்ணீர் கேட்டுவந்த சிறுமி, ஆறாவது விநாடியில் தண்ணீர்ப் படத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். அன்றைய பதிவேட்டில் அதற்கென இடப்பட்ட ஒரு கோடுதான் ஆசிரியை அவருக்கு வழங்கிய பாராட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பதிவேடு. எத்தனை முறை கேட்டாள், எத்தனை முறை உதவியின்றிச் செய்தாள், எப்போது அழுதாள் என்பனவெல்லாம் அதில் கணக்காகும். கடிபட்டதும், உடைமாற்றிவிட்டதும், மாலையில் களைத்து அழுததும் உண்டு. அவற்றையும் அவர் மறைக்கவில்லை.

பின்னர் அவர் சென்றது சாதாரண வகுப்பொன்றுக்கு. அங்கே இரு ஆசிரியர்கள் இணைந்து கற்பிப்பர்; விசேட தேவையுள்ள பிள்ளைகளும் ஏனையோரும் ஒன்றாகவே இருப்பர். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. நியூ ஜேர்சியின் கிளெமென்ரன் என்ற சிற்றூரில், டவுண் சின்றோமுடன் பிறந்த ராபேல் ஒபேர்ட்டி என்ற சிறுவனைத் தனி வகுப்புக்கு அனுப்பியதை எதிர்த்து அவனது பெற்றோர் வழக்காடினர். தக்க உதவிகளைக் கொடுத்துச் சாதாரண வகுப்பில் வைத்திருக்க உண்மையாக முயலாமல் பிள்ளையை ஒதுக்கமுடியாது என 1993 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளனாயிருந்த எமக்கு, நூறு பேருக்கு ஒரே வினாத்தாள் என்பதே பழக்கம். எமது நாட்டின் கல்வியும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலிலிருந்தே பிள்ளைகளை வரிசைப்படுத்தும் கல்விதான். இவ்வகுப்பறையில் பிள்ளை அளக்கப்படுவது அடுத்த பிள்ளையைக் கொண்டல்ல. அதே பிள்ளையின் சென்ற மாதத்தைக் கொண்டு.

மேசையில் ஓர் ஆசனம்

இவ்வளவும் நடப்பது ஆசிரியையின் இரக்கத்தினால் மட்டுமன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் “தனியாள் கல்வித் திட்டம்” என்ற ஆவணம் ஒன்றுண்டு. பிள்ளையின் இன்றைய நிலை, ஓராண்டில் எட்டவேண்டிய இலக்கு, பேச்சுப் பயிற்சி முதலிய உதவிகள் வாரத்தில் எத்தனை நிமிடம் என்பன அதில் எழுதப்படும். அதைத் தயாரிக்கும் குழுவில் பெற்றோரும் அங்கத்தவர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அது மீளாயப்படவேண்டும்.

அத்தகைய கூட்டமொன்றில் பார்வையாளராக இருக்க எமது மாணவிக்கு அனுமதி கிடைத்தது. மேசையின் ஒருபுறம் உளவியலாளர், சமூகசேவையாளர், பேச்சுப் பயிற்சியாளர், இரு ஆசிரியர்கள். மறுபுறம் தெற்காசியத் தாய் ஒருவர். பல பக்கங்கள் வாசிக்கப்பட்டன. தாயிடம் கருத்துக் கேட்கப்பட்டது. “நீங்கள் படித்தவர்கள், உங்களுக்குத் தெரியும்” என்று சொல்லிக் கையொப்பமிட்டு எழுந்தார். கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. பிள்ளை வீட்டில் பாட்டுக்குப் பதில் சொல்வாள், தாயின் மொழியில் பத்துச் சொல் பேசுவாள் என்பதை வெளியே நடைகூடத்தில் அத்தாய் சொன்னபோதுதான் மாணவி அறிந்தார். கோப்பில் இருந்ததோ, பிள்ளைக்குப் பேச்சு இல்லை என்ற குறிப்பு.

ஆசிரியரை எதிர்த்துப் பேசாமை எமது பண்பாடு. ஆனால் அந்த மேசையில் பெற்றோரின் மௌனம் பிள்ளைக்கு எதிரான சாட்சியமாகிவிடுகிறது. அந்த ஆசனம் தானாகக் கிடைத்ததுமன்று. 1970களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் பெற்றோர் தொடுத்த வழக்குகளே அதற்கு வழிகோலின. பத்து இலட்சம் பிள்ளைகள் பாடசாலைக்கே எடுக்கப்படாமல் வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர் என அமெரிக்கக் காங்கிரஸ் தானே ஒப்புக்கொண்டு, 1975 நவம்பரில் இயற்றிய சட்டமே இன்றைய முறையின் அடித்தளம். 1990 இல் அதற்குப் புதுப்பெயர் இடப்பட்டது. 2004 இல் அது திருத்தப்பட்டது. 2022 - 23 கல்வியாண்டில் ஏறத்தாழ 75 இலட்சம் பிள்ளைகள், அதாவது அரச பாடசாலை மாணவரில் 15 வீதத்தினர், அதன்கீழ் உதவி பெற்றனர். மேலதிகச் செலவில் 40 வீதத்தை மத்திய அரசு ஏற்கும் என்ற வாக்குறுதி மட்டும் ஒருபோதும் நிறைவேறியதில்லை.

மொழி குறையா? குறைபாடா?

பயிற்சி ஆசிரியை ஒருவர் கற்கவேண்டியவற்றுள் மிகக் கடினமானது, ஆங்கிலம் தெரியாத பிள்ளையையும் கற்க இடர்ப்படும் பிள்ளையையும் வேறுபடுத்தி அறிவதே. அகதிக் குடும்பங்களாகிய எமக்கு இது மிக நெருக்கமான விடயம். இதில் இரு திசைகளிலும் தவறு நேர்ந்திருக்கிறது. ஒன்றைக் கலிபோர்னியாவிலும் மற்றதை ரெக்சாஸிலும் காணலாம்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குத் தெற்கே மொன்ரரே மாவட்டத்தில், மெக்சிக்கப் பண்ணைத் தொழிலாளரின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நுண்ணறிவுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, மந்தபுத்தியுள்ளோர் எனத் தனி வகுப்புகளில் இடப்பட்டனர். ஸ்பானிய மொழியில் மீண்டும் சோதித்தபோது அவர்களுட் பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவரல்லர் எனத் தெரியவந்தது. 1970 இல் முடிவடைந்த அவ்வழக்கின் இணக்கப்படி, பிள்ளையை அதன் வீட்டுமொழியிலேயே சோதிக்கக் கலிபோர்னியா உடன்பட்டது. அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் கறுப்பினப் பெற்றோர் தொடுத்த வழக்கில், இத்தகைய சோதனைகளைக் கொண்டு கறுப்பினப் பிள்ளைகளைத் தனி வகுப்புகளுக்கு அனுப்புவதை 1979 இல் நீதிமன்றம் தடுத்தது. அதே நகரின் சீனக் குடும்பங்கள் தொடுத்த வழக்கில், விளங்காத மொழியில் பிள்ளைகளைச் சும்மா இருத்திவைப்பது கல்வியாகாது என 1974 இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ரெக்சாஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2004 இல் அம்மாநிலக் கல்வி முகவரகம் 8.5 வீதம் என்றோர் அளவுகோலை வைத்தது. விசேட கல்வி பெறுவோர் அதற்கு மேற்பட்டால் பாடசாலை மாவட்டங்களின் மதிப்பீடு பாதிக்கப்படும். நாடளாவிய வீதம் 13 அளவில் இருந்தபோது, ரெக்சாஸ் ஏறத்தாழ 8.5 இல் வந்து நின்றது. பல்லாயிரம் பிள்ளைகளுக்கு உதவி மறுக்கப்பட்டது. இதை 2016 இல் வெளிக்கொணர்ந்தது ‘ஹியூஸ்ரன் குரோனிக்கிள்’ என்ற நாளேடு. ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த குடிவரவாளர் பிள்ளைகள் விசேட கல்விக்கு வெளியே வைக்கப்பட்டதையும் அப்பத்திரிகையே எழுதியது. 2017 இல் மாநிலச் சட்டமன்றம் இத்தகைய உச்சவரம்பைத் தடைசெய்தது. 2018 இல் மத்திய கல்வித் திணைக்களம் ரெக்சாஸ் சட்டத்தை மீறியதெனக் கண்டது.

ஓரிடத்தில் மொழி குறைபாடாகக் கணிக்கப்பட்டது. மற்ற இடத்தில் குறைபாடு மொழிக்குப் பின்னால் மறைக்கப்பட்டது. ஷெல்லடிக்கும் பதுங்குகுழிக்கும் நடுவே பேச்சடங்கிப்போய் வந்த பிள்ளையாயின் இது மேலும் சிக்கலாகும். எது பயம், எது மொழி, எது பிறவிக் குறைபாடு என்பதைப் பிரித்தறிய, அப்பிள்ளையின் வீட்டுக் கதையைச் சொல்லக்கூடியவர் பெற்றோர் மட்டுமே.

அதேவேளை ரெக்சாஸ் இரு நல்ல தீர்ப்புகளுக்கும் பிறப்பிடம். டலஸ் நகருக்கு அருகே ஏர்விங்கில், முள்ளந்தண்டுக் குறைபாட்டுடன் பிறந்த அம்பர் தாத்ரோ என்ற சிறுமிக்கு மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குழாய்மூலம் சிறுநீர் அகற்றவேண்டியிருந்தது. அதைச் செய்வது பாடசாலையின் கடமையே என 1984 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், ரைலர் நகரப் பாடசாலைகளைப் பற்றிய வழக்கில், குடிவரவு ஆவணம் இல்லை என்பதற்காக எப்பிள்ளைக்கும் அரச பாடசாலையை மறுக்கமுடியாது என அதே நீதிமன்றம் கூறியது. அகதி விண்ணப்பம் முடிவாகாத குடும்பங்கள் இதை மனதிற் கொள்ளவேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

மாணவியிடம் கேட்டும் சட்டத்தைப் படித்தும் நாம் தொகுத்துக்கொண்டவை இவை. பிள்ளையைப் பரிசோதிக்குமாறு பெற்றோரே கேட்கலாம். அதை எழுத்தில் திகதியிட்டுக் கொடுத்துப் பிரதியை வைத்திருக்கவேண்டும். சம்மதம் கொடுத்ததிலிருந்து 60 நாளுக்குள் பரிசோதனை முடியவேண்டும் என்பது மத்திய விதி. மாநிலங்கள் தமக்கெனக் கெடு வகுக்கலாம். ஆங்கிலம் போதாமையே முதன்மைக் காரணமாயின் பிள்ளைக்குக் குறைபாடுண்டு என முடிவுசெய்யச் சட்டம் இடமளிப்பதில்லை. கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்வது பாடசாலையின் பொறுப்பு; அப்பணியைப் பிள்ளையின் அண்ணன் அக்காவிடம் சுமத்தவேண்டாம். பிள்ளையை நன்கறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். பெற்றோரின் சம்மதமின்றி முதன்முறையாக விசேட கல்வியைத் தொடங்கமுடியாது. எனவே ஆவணத்தை வீட்டுக்குக் கொண்டுசென்று வாசிக்க அவகாசம் கேட்பதில் குற்றமில்லை. கலிபோர்னியாவில் திட்டத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் இணங்கி மறுபகுதியை மறுக்கவும் முடியும்.

இன்னொன்று. “வீட்டில் தமிழை நிறுத்துங்கள், பிள்ளை குழம்புகிறது” என்று சொல்வோர் இன்றும் உளர். இருமொழிச் சூழல் இத்தகைய பிள்ளைகளின் பேச்சைக் கெடுப்பதில்லை என்பதே இன்றைய ஆய்வுகள் காட்டுவது. அம்மம்மாவின் தாலாட்டுக்குச் சிரிக்கும் பிள்ளையிடமிருந்து அம்மொழியைப் பறித்தால், வீட்டில் அதனோடு பேச எவரும் மிஞ்சமாட்டார்.

2025 மார்ச்சில் மத்திய கல்வித் திணைக்களத்தை மூட வழிசெய்யுமாறு அமெரிக்க ஜனாதிபதி ஆணையிட்டார். சட்டமோ காங்கிரஸ் இயற்றியது. ஆணையொன்றினால் அது இல்லாமற் போகாது. ஆனால் கேட்போர் இல்லாத உரிமை காகிதத்திலேயே தங்கிவிடும் என்பதற்கு ரெக்சாஸின் பன்னிரண்டு ஆண்டுகள் சான்று.

ஊரில் கைதடி நவீல்ட் பாடசாலை, செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த பிள்ளைகளுக்கு எழுத்தும் தொழிலும் கற்பித்து வந்ததை நாம் அறிவோம். அத்தகைய பணியின் அருமை எமக்குப் புதிதன்று. இருந்தும், மூத்தவளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்றஞ்சி, விருந்தினர் வரும்போது பிள்ளையை உள்ளறையில் இருத்தும் வீடுகள் இன்றும் எம்மிடையே உண்டு. அவ்வறையின் கதவைத் திறப்பது எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது.

எமது மாணவிக்கு அடுத்த ஆண்டு சொந்த வகுப்பு கிடைக்கும். தமிழ் தெரிந்த விசேட கல்வி ஆசிரியர் ஒருவர் அங்கே இருப்பது, கூட்டத்துக்குத் தனியே வரும் ஒரு தாய்க்கு எவ்வளவு துணையாகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. இத்தொழிலை நாடும் உங்கள் மகனையோ மகளையோ, வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள்.