பெட்டிக்குள் பூ மணம்!

துணிப் பெட்டியைத் திறந்ததும் கமகமவென்று மணம் வீச வேண்டும். இந்த ஆசை யாருக்குத்தான் இல்லை?

பாட்டிமார்கள் இதற்கு அதிகம் செலவு செய்யவில்லை. பட்டுப் புடவைக்கு நடுவே ஒரு பிடி வெட்டிவேர் வைப்பார்கள். சிறு துணி முடிச்சில் நாலு கிராம்பு போடுவார்கள். அவ்வளவுதான்!

பிறகு வந்தது பாச்சை உருண்டை. வெள்ளை வெளேர் என்று இருக்கும். நிலக்கரித் தாரில் இருந்து எடுக்கும் நாப்தலினில் செய்தது. அந்துப் பூச்சியைக் கொன்றுவிடும். அது உண்மைதான். ஆனால் குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது.

குழந்தைக்கு ஆபத்து

தவழும் குழந்தை அதை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும். விழுங்கினால் இரத்தச் சிவப்பணுக்கள் அழியும். உடம்பு வெளுத்து, மஞ்சள் காமாலை வரும்.

விழுங்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவு. பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட பச்சைக் குழந்தைக்கு, இந்த உருண்டையோடு கிடந்த துணியைச் சுற்றினாலே தீங்கு நேரலாம். ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2008-ல் நாப்தலின் உருண்டைக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

நிழலில் காய வேண்டும்

வெட்டிவேர் ஒரு புல்லின் வேர். கடலூர்ப் பக்கத்து மணல் நிலங்களில் பயிராகிறது. வேரில் உள்ள தைலம் மெதுவாகத்தான் ஆவியாகும். அதனால் மணம் மாதக் கணக்கில் நிற்கும். மங்கிவிட்டால் எறிய வேண்டாம். தண்ணீரில் நனைத்து, நிழலில் காயவைத்தால் மறுபடியும் மணக்கும்.

கிராம்பு என்பது விரியாத பூ மொட்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளிலும் விளைகிறது. அந்தக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பன்னீர் ரோஜா இதழும் மரிக்கொழுந்தும் காய்ந்த பிறகும் மணக்கும். மல்லிகை மட்டும் இதற்கு உதவாது. காய்ந்தால் வெறும் சருகுதான்!

வெயிலில் போட்டால் தைலம் பறந்துவிடும். பழைய செய்தித்தாளில் பரப்பி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும். ஈரம் இருந்தால் புடவையில் பூசணம் பூத்துவிடும்.

இரண்டு பிடி ரோஜா இதழ், ஒரு பிடி மரிக்கொழுந்து, தட்டிய கிராம்பு பத்து எடுத்துக்கொள்ளுங்கள். பொடியாக நறுக்கிய வெட்டிவேரைக் கொஞ்சம் சேருங்கள். அது மற்ற மணங்களைப் பிடித்து நிறுத்தும். எல்லாவற்றையும் மூடிய ஜாடியில் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு மல் துணியில் சிறு பைகளாகத் தைத்து, துணிகளுக்கு நடுவே செருகுங்கள். வாயை இறுகத் தைக்க வேண்டும். கிராம்பும் குழந்தையின் தொண்டையில் சிக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பை பூச்சியைக் கொல்லாது. ஓரளவு விரட்டும். அதனால் மாதம் ஒரு முறை துணிகளை எடுத்து உதறி, பட்டை நிழலிலும் பருத்தியை வெயிலிலும் போட்டு எடுங்கள்.

பாச்சை உருண்டையோடு கிடந்த துணிகள் வீட்டில் இருக்கிறதா? நன்றாகத் துவைத்து, வாடை அடியோடு போகும்வரை காற்றாட உலர்த்துங்கள். அதன் பிறகே குழந்தைக்குப் போடலாம். உருண்டையைக் குழந்தை விழுங்கிவிட்டால் கை வைத்தியம் செய்து நேரத்தைக் கடத்தாமல், மீதி உருண்டையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.