உபரி யாருக்கு?

வரவு செலவுத் திட்டம் உபரி, சமநிலை, பற்றாக்குறை என மூவகைப்படும் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். “உபரி வந்தால் அந்தப் பணத்தை என்ன செய்வார்கள்?” என்று மாணவர் கேட்டால் வரையறை மட்டும் போதாது. அப்போது நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தை.

1992இல் அம்மாநில வாக்காளர்கள் தங்கள் அரசியலமைப்பில் ஒரு திருத்தத்தை வாக்களித்துச் சேர்த்தனர். மக்கள்தொகை வளர்ச்சியும் பணவீக்கமும் சேர்ந்த அளவுக்கு மேல் அரசின் வருவாய் உயர்ந்தால், மிகுதியை மக்களுக்கே திருப்பித் தர வேண்டும். அரசே வைத்துக்கொள்ள வேண்டுமானால் வாக்காளர்களின் ஒப்புதல் தேவை.

இதிலுள்ள சிக்கலைக் கரும்பலகையில் கணக்காகப் போடலாம். முதல் ஆண்டு வருவாய் 100 ரூபாய். மறு ஆண்டு மந்தநிலையால் 80. மூன்றாம் ஆண்டு மீண்டும் 100. அனுமதிக்கப்பட்ட உயர்வு 5 விழுக்காடு எனக் கொண்டால், 80இலிருந்து கணக்கிட்டு அரசு 84 ரூபாயைத்தான் வைத்துக்கொள்ளலாம். மீதி 16 ரூபாய் ‘உபரி’. உண்மையில் வருவாய் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கிடைத்திருக்க வேண்டிய பணம் குறைந்துவிட்டது.

2001ஆம் ஆண்டு மந்தநிலைக்குப் பின் கொலராடோ இந்த நெருக்கடியில் சிக்கியது. ஐந்தாண்டுகளுக்கு உபரியைக் கல்வி, மருத்துவம், சாலைகளுக்குப் பயன்படுத்த 2005இல் அனுமதி கேட்கப்பட்டது. சுமார் 52 விழுக்காட்டினர் ஆதரித்தனர். வருவாய் விழுந்தால் உச்சவரம்பும் விழும் முறை அத்துடன் நின்றது. ஆனால் 2019இல், பள்ளி, உயர்கல்வி, போக்குவரத்துக்காக உபரியை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது பெரும்பான்மையோர் மறுத்தனர். 2022இல் தனிநபருக்கு 750 டாலர் வீதம் திருப்பித் தரப்பட்டது.

நம் மாநிலத்தில் மானியக் கோரிக்கைகளுக்கு ஒப்புதல் தருவது சட்டமன்றம். இரு முறைகளையும் ஒப்பிடக் குழுச் செயல்பாடு ஏற்றது. கணக்கை முடித்தபின், 16 ரூபாயைத் திருப்பித் தரலாமா, பள்ளிக்கு ஒதுக்கலாமா என்று துண்டுச்சீட்டில் வாக்களிக்கச் செய்யலாம். ‘ஐந்தாண்டுக்கு மட்டும்’, ‘நிரந்தரமாக’ எனக் கேள்வியை மாற்றி மீண்டும் வாக்கெடுக்கலாம். வாக்குகள் மாறினால் காரணத்தை மாணவர்களே சொல்லட்டும்.

இறுதியாக ஒன்றைக் கேட்க மறவாதீர்கள்: பள்ளிக்கான பணத்தை முடிவுசெய்யும் அந்த வாக்கெடுப்பில், 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை. அவர்களுக்காகப் பேச வேண்டியவர் யார்?