கறுப்புக் கோட்டு போடுமுன் கணக்கு சரியா? சட்ட மாணவர்களே, உஷார்!

(நமது நிருபர்)

வில்லியனூர்:-

பையன் வக்கீலுக்குப் படிக்கிறான். வீட்டில் பெருமை. தெருவில் மரியாதை. பரீட்சைக்கு முந்தின வாரம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டுகிறார்கள். அதில் பையன் பெயர்!

பரிசுப் பட்டியல் அல்ல. 'வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது' என்கிற பட்டியல்!

கொலை, கொள்ளை வழக்கில்கூட குற்றப்பத்திரிகை நகலைக் கையில் கொடுத்த பிறகுதான் விசாரணை. இங்கே சட்டம் படிக்கிற பையனுக்கே, தன் தலைக்கு மேல் தொங்கும் சட்டம் தெரிவதில்லை. தெரியும்போது பரீட்சை முடிந்து விடுகிறது.

இரண்டு பஸ், ஒரு வகுப்பு

புதுவையில் சட்டப் படிப்புக்கு வயது அதிகம். பிரெஞ்சுக்காரர்கள் 1838-ல் இங்கே சட்டப் பள்ளி தொடங்கினார்கள். இன்று காலாப்பட்டில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.

வில்லியனூரிலிருந்து காலாப்பட்டுக்குப் போகிற பையன் அரும்பார்த்தபுரம், மூலக்குளம், ரெட்டியார்பாளையம் தாண்டி, இந்திரா காந்தி சிலை நெரிசலில் நின்று, புதுவை பஸ் நிலையத்தில் இறங்கி, கடற்கரைச் சாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பாகூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பாடும் இதேதான். முதல் பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் முதல் பீரியட் 'அம்போ'!

இதனால் என்ன குடி முழுகி விடும் என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

70 சதவீத 'கத்தி'

அகில இந்திய பார் கவுன்சில் 2008-ல் சட்டக் கல்வி விதிகளைக் கொண்டு வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வகுப்புக்கு வந்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மாதிரி நீதிமன்றம், செய்முறைப் பயிற்சி எல்லாம் இதில் சேர்த்தி. மூன்று வருஷப் படிப்பில் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 15 வாரம், வாரத்துக்குக் குறைந்தது 30 மணி வகுப்பு.

ஒரு பாடத்துக்கு வாரம் 4 வகுப்பு என்று வைத்துக் கொள்ளுங்கள். 15 வாரத்தில் 60 வகுப்பு. 70 சதவீதம் என்றால் 42. தவற விடலாம் என்று இருப்பது வெறும் 18!

அந்தப் பாடம் முதல் பீரியடில் வருகிறது. வாரம் ஒரு நாள் பஸ் கோளாறு என்றால் 15 வகுப்பு போச்சு. மீதி மூன்று நாள்தான் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும். வாரம் இரண்டு நாள் என்றால் 30 வகுப்பு காலி. கையில் பாதிதான்!

தப்பிக்க ஒரு சந்து இருக்கிறது. தவிர்க்க முடியாத காரணம் இருந்து, அந்தப் பாடத்தில் 65 சதவீதமாவது வந்து, எல்லாப் பாடமும் சேர்த்து 70 சதவீதம் இருந்தால், முதல்வர் அனுமதி தரலாம். இது உரிமை அல்ல, சலுகை. ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் உடம்பு தேறிய மறுநாளே எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, நகல் வைத்துக் கொள்ள வேண்டும். பட்டியல் ஒட்டிய பிறகு ஓடினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஓர் உயிர் போன பிறகு...

இந்த வருகைக் கணக்கு விளையாட்டு அல்ல. தில்லியில் ஒரு சட்ட மாணவர் வருகைக் குறைவால் பரீட்சை எழுத முடியாமல் போய், 2016 ஆகஸ்டில் உயிரை விட்டார். நாட்டையே உலுக்கிய சம்பவம். சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்காக எடுத்தது. பிறகு அது தில்லி ஐகோர்ட்டுக்குப் போனது.

2025 நவம்பரில் தில்லி ஐகோர்ட் தீர்ப்புச் சொன்னது. வருகை குறைவு என்பதற்காக எந்தச் சட்ட மாணவரையும் பரீட்சை எழுத விடாமல் நிறுத்தக் கூடாது. வாரா வாரம் வருகைக் கணக்கை வெளியிட வேண்டும். மாதா மாதம் குறைவைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். குறைந்தவர்களுக்குக் கூடுதல் வகுப்பு நடத்த வேண்டும். வருகை விதியையே பார் கவுன்சில் மறுபடி ஆராய வேண்டும் என்றும் கோர்ட் சொன்னது.

நல்ல செய்திதான். அதற்காக இதை நம்பி சினிமா தியேட்டருக்குப் போய் விடாதே தம்பி! தீர்ப்பு கோர்ட்டில் இருக்கும், ஹால் டிக்கெட் கல்லூரி ஆபீசில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் அலைவது நீதான்.

சேரும்போதே சிக்கல்

பிளஸ் 2 படிக்காமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்குச் சட்டப் படிப்பில் இடம் கிடையாது. பணம் கட்டி ஏமாறாதீர்கள்.

ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022-ல் யு.ஜி.சி. அனுமதி கொடுத்தது. சட்டப் படிப்புக்கு இது செல்லாது என்கிறது பார் கவுன்சில்.

2024 செப்டம்பரில் இன்னொரு 'கிடுக்கிப்பிடி' வந்தது. மாணவர் மேல் போலீஸ் வழக்கு உண்டா, வேறு பட்டம் படிக்கிறாரா, வேலை பார்க்கிறாரா என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வேலை பார்த்தால் முதலாளியிடம் தடையில்லாச் சான்று வேண்டும். வழக்கை மறைத்து மாட்டினால் பட்டத்துக்கே ஆபத்து. திருவிழாச் சண்டையில் பெயர் சேர்ந்திருந்தாலும் மறைக்காதீர்கள். வழக்கை விட, பொய் பெரிய குற்றமாகி விடும்.

கம்பு எடுத்தால் கோட்டு இல்லை

2008 நவம்பர் 12-ந்தேதியை யாரும் மறக்கவில்லை. சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரி வாசலில் மாணவர்கள் ஒருவரை ஒருவர் அடித்துச் சாய்த்தார்கள். போலீசார் வேடிக்கை பார்த்தார்கள். டெலிவிஷனில் ஊரே பார்த்தது. விசாரணைக் கமிஷன் வந்தது. 2018-ல் அந்தக் கல்லூரியே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் இடம் மாறியது.

ராகிங் தொல்லையா? 1800-180-5522 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். கல்லூரியில் வேறு அநியாயமா? 2023-ல் வந்த யு.ஜி.சி. விதிப்படி குறைதீர்க்கும் குழுவுக்கு எழுத்தில் மனு கொடுங்கள். 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையா? அடுத்தபடி பல்கலைக்கழகக் குறைகேள் அதிகாரி.

செருப்புக்காகப் பாரிஸ் போன வழக்கு

மூன்று வருஷப் படிப்புக்கு 12 வாரம், ஐந்து வருஷப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி கட்டாயம். ஒரே மூச்சில் நாலு வாரத்துக்கு மேல் கணக்கில் வராது. நாட்குறிப்பு எழுத வேண்டும். வக்கீல் உடைக்கும் விதி உண்டு.

உடை விஷயத்தில் புதுவைக்குப் பழைய சரித்திரம் இருக்கிறது. 1873-ல் வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியக் காலணி போட்டுக் கோர்ட்டுக்கு வந்தார். நீதிபதி தண்டித்தார். மனிதர் விடவில்லை. பாரிஸ் வரை வழக்கைக் கொண்டு போய் ஜெயித்தார்!

கடைசியில் 750 ரூபாய்!

படித்து முடித்ததும் சென்னையில் தமிழ்நாடு, புதுவை பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பல மாநிலங்களில் இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக் கொண்டிருந்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் கடன் வாங்கினார்கள். 2024 ஜூலை 30-ந்தேதி சுப்ரீம் கோர்ட் கடிவாளம் போட்டது. சட்டத்தில் உள்ளபடி 750 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் பதிவுக் கட்டணம் கேட்கக் கூடாது!

அதற்குப் பிறகும் அகில இந்திய பார் தேர்வு பாக்கி இருக்கிறது. அதில் தேறினால்தான் நிரந்தரமாகக் கோர்ட்டில் நிற்கலாம்.

பெற்றோரே! காலேஜ் திறந்த முதல் வாரமே விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக் காலண்டரில் பையன் போன நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். பால் கணக்கு எழுதுகிற வீட்டில் இது பெரிய வேலையா?

பொன்னுத்தம்பி பிள்ளை ஒரு ஜோடி காலணிக்காகப் பாரிஸ் வரை வழக்கைக் கொண்டு போனார். நம் பிள்ளை காலாப்பட்டு வரை நேரத்துக்குப் போனால் போதும்!